டைல்ஸா, கிரானைட்டா, ஆத்தங்குடியா? தரையைத் தேர்ந்தெடுக்கும் முன்

சுவர் நிறம் பிடிக்காமல் போனால் சில ஆண்டுகளில் மாற்றிக்கொள்ளலாம். தரையை மாற்ற வேண்டுமென்றால் வீட்டையே ஒழித்துக் கொடுக்க வேண்டும். இருந்தும் பல வீடுகளில் இந்த முடிவு ஷோரூம் வெளிச்சத்தில், சாய்த்து நிறுத்தி வைத்திருக்கும் பலகையைப் பார்த்து அரை மணி நேரத்தில் எடுக்கப்படுகிறது. விற்பனையாளர் ஜிவிடி, பிஜிவிடி, டபுள் சார்ஜ் என்று டைல் வகைகளைச் சொல்லிக்கொண்டே போகிறார். கொத்தனார் கிரானைட்தான் காலத்துக்கும் நிற்கும் என்கிறார். செட்டிநாட்டுப் பக்கம் போய்வந்தவர்கள் ஆத்தங்குடி டைல் ஆசையோடு திரும்புகிறார்கள். குழப்பம் வராமல் எப்படி இருக்கும்?

எதைப் போடலாம் என்று கேட்பவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது சதுர அடி விலையை. என்னைக் கேட்டால் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். கடைக்காரர் பொருளுக்கு விலை சொல்கிறார். நமக்கு வேண்டியது போட்டு முடித்த தரை. இந்த இரண்டுக்கும் நடுவே கலவை, பசை, கூலி, சேதாரம், பாலிஷ் என்று ஒரு முழுப் பட்டியலே இருக்கிறது. தரை நன்றாக அமைவதும் பாழாவதும் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் முடிவாகிறது.

## முதலில் எவற்றைப் பார்ப்பது

முதலாவது தண்ணீர். நம் வீடுகளில் தரையைத் துடைப்பதோடு நிறுத்துவதில்லை. பண்டிகைக்கு முந்தைய நாள் வாளி வாளியாக ஊற்றிக் கழுவுகிறோம். போர் தண்ணீராக இருந்தால் அதிலுள்ள உப்பும் தரையில் தங்கும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் தரைத்தளங்களுக்குள் வெள்ளம் புகுந்ததை மறந்துவிட்டு எந்தப் பொருளையும் தேர்ந்தெடுக்கக் கூடாது.

இரண்டாவது கால். நாம் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிறோம், தரையில் உட்காருகிறோம், கோடையில் தரையிலேயே படுக்கிறோம். குளிர்ச்சி முக்கியம். அதைவிட முக்கியம் ஈரத்தில் வழுக்காமல் இருப்பது. வீட்டில் எழுபது வயதுக்காரர் ஒருவர் இருந்தால் மற்ற எல்லா அளவுகோலையும் இதற்குப் பின்னால் தள்ளுங்கள்.

மூன்றாவது, போடுவதற்கு ஆள். உங்கள் ஊரில் அந்த வேலையைத் தினமும் செய்பவர் இருக்கிறாரா? அபூர்வமான பொருளை வாங்கிப் பழக்கமில்லாத கைகளில் கொடுப்பதைவிட, சாதாரணப் பொருளைத் தேர்ந்த கைகளில் கொடுப்பது எப்போதும் நல்லது.

அடுத்து, பழுது பார்க்கும் வசதி. ஒரு துண்டு உடைந்தால் அதை மட்டும் மாற்ற முடியுமா, அல்லது பாலிஷ் போட்டுப் புதுப்பிக்க முடியுமா? பிறகு உயரமும் எடையும். இவற்றை யாரும் கேட்பதில்லை, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இரண்டு அங்குலக் கலவையின் மேல் 18 மில்லிமீட்டர் கிரானைட் போட்டால் சதுர அடிக்கு ஏறத்தாழ 14 கிலோ ஏறும். ஆயிரம் சதுர அடிக்கு 14 டன். அதே பரப்பில் பழைய தரையின் மேல் பசை தடவி 9 மில்லிமீட்டர் டைல் ஒட்டினால் இரண்டரை டன்னைச் சுற்றித்தான் வரும். பழைய மாடி வீட்டில் தரையை உடைக்காமல் மேலேயே போட நினைப்பவர்கள் பொறியாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. உயரத்திலும் இதே வித்தியாசம்தான். பசையில் ஒட்டிய டைல் அரை அங்குலம் உயர்த்தும். கலவையில் போட்ட கல் இரண்டே முக்கால் அங்குலம் உயர்த்தும். எல்லாக் கதவுகளையும் அடியில் அறுக்க வேண்டிவரும், மாடிப்படியின் முதல் படியும் கடைசிப் படியும் உயரம் மாறித் தடுக்கும்.

## விட்ரிஃபைட் டைல்ஸ்

இன்று கட்டப்படும் வீடுகளில் அதிகம் போடப்படுவது இதுதான். பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. களிமண்ணும் ஃபெல்ட்ஸ்பாரும் சிலிக்காவும் சேர்த்து அதிக அழுத்தத்தில் அச்சிட்டு, உயர்ந்த வெப்பத்தில் சுடுவதால் கிட்டத்தட்ட கண்ணாடி போல இறுகிவிடுகிறது. தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. சாதாரண செராமிக் டைல் இதைவிடப் பல மடங்கு உறிஞ்சும். சுவருக்கென்று விற்கும் டைல் பத்து சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சும். எனவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது செராமிக்கா, விட்ரிஃபைடா?"

இனி அந்தப் பெயர்கள். ஜிவிடி என்றால் விட்ரிஃபைட் உடலின் மேல் டிஜிட்டல் அச்சில் படம் பதித்து மெருகுப்பூச்சு கொடுத்தது. மரம், மார்பிள், சிமென்ட் என எந்தத் தோற்றமும் கிடைக்கும். ஆனால் அந்தப் படம் மிக மெல்லிய அடுக்கு. ஓரம் சிதைந்தால் உள்ளிருக்கும் வேறு நிறம் வெளியே தெரியும். அதையே பளபளவென்று பாலிஷ் செய்தால் பிஜிவிடி. கண்ணாடி போல மின்னும், ஈரத்தில் வழுக்கும், வாசலிலிருந்து காலோடு வரும் மணலில் மெல்லக் கீறல் விழும். டபுள் சார்ஜ் என்பதில் மேலே மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு நிறக்கலவையே இருக்கும், அதனால் தேய்மானம் தெரிய நெடுங்காலம் ஆகும். டிசைன்கள் குறைவு, பெரும்பாலும் பொடித்தூவல் போன்ற தோற்றம்தான். ஃபுல் பாடி என்றால் மேலிருந்து அடிவரை ஒரே நிறம். படிக்கட்டுக்கும் போர்டிகோவுக்கும் உகந்தது.

வழுக்கும் தன்மைக்கு ஆர்9 முதல் ஆர்13 வரை ஒரு தரவரிசை உண்டு. எண் கூடக் கூடப் பிடிமானம் கூடும். குளியலறைக்கு ஆர்10 அல்லது ஆர்11 இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரியவில்லை என்றால் மாதிரி டைலின் மேல் சிறிது தண்ணீர் ஊற்றி வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள்.

பெட்டியில் மறைந்திருக்கும் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி என்று நாம் சொல்லும் டைலின் உண்மை அளவு 600 மில்லிமீட்டர். இரண்டடி என்பது 609.6 மில்லிமீட்டர். நான்கு டைல் உள்ள பெட்டியை 16 சதுர அடி என்று கணக்கிட்டால், உள்ளே இருப்பது 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. ஆயிரம் சதுர அடிக்கு 63 பெட்டி போதும் என்று கணக்குப் போடுகிறவருக்கு உண்மையில் 65 வேண்டும். விலையைச் சதுர அடிக்குப் பேசாமல் பெட்டிக்குப் பேசுங்கள். ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சுவரின் அடியில் ஓரமாக ஒட்டும் பட்டையான ஸ்கர்ட்டிங்கும் கணக்கில் விடுபட்டுப் போவதுதான். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் சுற்றளவு 44 அடி, மூன்றடி கதவைக் கழித்தால் 41. நான்கு அங்குல உயரத்துக்கு இதுவே 14 சதுர அடிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. 120 சதுர அடி அறைக்குப் பதினோரு சதவீதம் கூடுதல். இதற்கு மேல் சேதாரம் ஐந்து முதல் பத்து சதவீதம்.

பெட்டியின் பக்கவாட்டில் தொகுதி எண்ணும் ஷேடு எண்ணும் அச்சிட்டிருப்பார்கள். எல்லாப் பெட்டிகளிலும் அவை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே பெயருள்ள டைல் இரண்டு தொகுதிகளில் வந்தால் ஹாலின் நடுவே நிறம் பிரிந்து தெரியும். பார்ப்பவர் கண் அங்கேயே போய் நிற்கும்.

இந்த டைல் தண்ணீரை உறிஞ்சாது என்பது அதன் பலம். அதே குணம்தான் அது சரியாக ஒட்டாமல் போவதற்கும் காரணம். செராமிக் டைலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சிமென்ட் பால் ஊற்றிப் பதிப்பது பழைய முறை. உறிஞ்சும் உடல் என்பதால் சிமென்ட் உள்ளே இறங்கிப் பிடிக்கும். விட்ரிஃபைடில் சிமென்ட் பால் இறங்க வழியே இல்லை. இதற்கென்று பாலிமர் கலந்த டைல் பசை இருக்கிறது. பல் கரண்டியால் பரப்பு முழுவதும் கோடு கோடாக இழுத்துப் பதிக்க வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அழுத்தினால் இடையில் காற்று நிற்கும். அந்த இடத்தில் கனமான பாத்திரம் விழுந்தால் டைல் உடைவது நிச்சயம்.

இன்னொரு தவறு, இடைவெளியே விடாமல் டைல்களை ஒட்டி ஒட்டிப் போடுவது. கோடு தெரியாமல் அழகாக இருக்கும் என்று வீட்டுக்காரரே கேட்கிறார். கான்கிரீட் காய்ந்து காலப்போக்கில் மெல்லச் சுருங்குகிறது. டைல் வெயிலில் விரிகிறது. நகர இடமில்லாதபோது ஒருநாள் இரண்டு டைல்கள் கூடாரம் போல முட்டிக்கொண்டு மேலே எழும்பும். நடு இரவில் பட்டென்று சத்தம் கேட்டுப் பயந்துபோய் எழுந்து பார்த்த குடும்பங்கள் ஏராளம். டைல்களுக்கு நடுவே ஸ்பேசர் வைத்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியும், சுவரோரம் ஸ்கர்ட்டிங் மறைக்கும்படி ஐந்து மில்லிமீட்டர் வெளியும் விட்டிருந்தால் இந்தக் கஷ்டம் இல்லை.

நான்கடி நீள டைல்களைச் செங்கல் வரிசை போலப் பாதிக்குப் பாதி தள்ளிப் போடச் சொல்லாதீர்கள். நீளமான டைல் நடுவில் மிகச் சிறிதளவு வில்லாக வளைந்திருக்கும். பாதியில் தள்ளினால் ஒன்றின் மேடு இன்னொன்றின் முனையோடு சேர்ந்து கால் தட்டும். மூன்றில் ஒரு பங்கு தள்ளினால் போதும்.

செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும், வேலை விரைவாக முடிய வேண்டும், பராமரிப்பு குறைவாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கும், வாடகைக்கு விடும் வீட்டுக்கும் இதுவே சரி. என் தேர்வு ஹாலுக்கு டபுள் சார்ஜ் அல்லது பளபளப்பில்லாத மேட் ஜிவிடி.

## கிரானைட்

கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், மதுரை என்று நம் மாநிலத்திலேயே விளையும் கல். ஆந்திரத்தின் சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸி சமையலறை மேடைகளில் பிரபலம். கடினம், குளிர்ச்சி, பல பத்தாண்டு உழைப்பு மூன்றும் சேர்ந்திருப்பதால் இதன் மேல் நம் மக்களுக்கு இருக்கும் மதிப்பு நியாயமானதே. மங்கினால் மறுபடி பாலிஷ் போடலாம். டைலுக்கு அந்த வசதி கிடையாது.

கடையில் கட்டர் சைஸ், கேங்சா என்று இரண்டு வகை சொல்வார்கள். இரண்டு மூன்றடி அகலத்தில் வருவது கட்டர். ஆறடிக்கும் மேல் அகலமாக வருவது கேங்சா. இணைப்புக்கோடுகள் குறையும், விலையும் தூக்குக்கூலியும் கூடும். கல்லின் ஓரங்கள் ஒழுங்கில்லாமல் இருக்கும் என்பதால் அளக்கும்போது சில அங்குலம் கழித்துக்கொள்வது வழக்கம். எவ்வளவு கழிப்பார்கள் என்பதை அளப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். டேப்பைக் கல்லின் எந்த விளிம்பிலிருந்து பிடிக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு லாரிக் கல்லில் இந்த வித்தியாசம் சிறிய தொகையாக இருக்காது.

இயற்கைக் கல் என்பதால் ஒரே பாறையிலிருந்து அறுத்த பலகைகளே ஒத்துப்போகும். மாதிரித் துண்டைப் பார்த்து முடிவு செய்யாமல் உங்களுக்கென்று ஒதுக்கிய பலகைகள் முழுவதையும் நிமிர்த்தி, தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரத்தில் விரிசல் கோடுகள் தெரிந்துவிடும். கறுப்புக் கல்லில் சாயம் ஏற்றி விற்பதும் நடக்கிறது. நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தில் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் கறை ஏறினால் அந்தக் கல் வேண்டாம்.

வெளிர் நிறக் கிரானைட் எண்ணெயையும் மஞ்சளையும் குடித்துவிடும். கல் குடிக்காது என்று நம்பி வெள்ளைக் கிரானைட்டைச் சமையலறையில் போட்டவர்கள் வருந்துகிறார்கள். போட்டவுடன் கறை இறங்காமல் தடுக்கும் சீலர் பூச வேண்டும், சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். கறுப்பில் வேறு சிக்கல்: போர் தண்ணீரில் துடைத்தால் காய்ந்ததும் உப்புத் திட்டு வெளேரென்று தெரியும். கடற்கரை ஊர்களிலும் உப்புத் தண்ணீர் பகுதிகளிலும் நடுத்தரச் சாம்பல், பழுப்பு நிறங்களே நிம்மதி தரும்.

கல் விலைக்கு மேல் சேரும் செலவுகள்: ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தடித்த கலவைக்கான சிமென்ட்டும் எம்-சாண்டும், அறுப்புச் சேதாரம், படி விளிம்புகளை உருட்டுவதற்கு ரன்னிங் அடிக் கணக்கில் (நீளத்துக்கு மட்டும்) கூலி. படிக்கட்டு உள்ள வீட்டில் இந்தக் கடைசிக் கணக்குதான் திகைக்க வைக்கும். ஒரு தளத்துக்கு இருபது படி, படிக்கு மூன்றரை அடி என்றால் எழுபது அடி உருட்ட வேண்டும்.

சொந்த வீடு, தரைத்தளம், இரண்டு தலைமுறை இருக்கப்போகிறோம் என்ற எண்ணம் இருந்தால் கிரானைட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்போகாது. முன்வாசலிலும் படியிலும் மட்டும் பளபளப்பு வேண்டாம்; நெருப்பில் வாட்டிச் சொரசொரப்பாக்கிய ஃபிளேம்டு கல்லைக் கேளுங்கள்.

## ஆத்தங்குடி

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் கையால் செய்யும் சிமென்ட் டைல் இது. சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடித் துண்டின் மேல் உலோகச் சட்டத்தையும் அச்சையும் வைத்து, ஒவ்வொரு பகுதியிலும் நிறச் சிமென்ட் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிய பிறகு நிறங்கள் அப்படியே நிற்கின்றன, கலைவதில்லை. அதன் மேல் உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி அழுத்தி மட்டம் செய்கிறார்கள். இறுகியபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாட்கள் ஊறவைத்து எடுத்துக் கண்ணாடியைப் பிரித்தால் முகம் மின்னுகிறது. அந்தக் கண்ணாடி தந்த மினுமினுப்புதான் டைலின் மெருகு, மேலே வேறு பூச்சு எதுவும் கிடையாது.

இதே கோலங்களை அச்சடித்த விட்ரிஃபைட் டைல்களை ஆத்தங்குடி மாடல் என்று விற்கிறார்கள். பக்கவாட்டைப் பார்த்தால் போதும். உண்மையானதில் நிறம் சில மில்லிமீட்டர் தடிமனுக்கு இறங்கியிருக்கும், அதன் கீழே சாம்பல் நிறச் சிமென்ட் தெரியும். டைல் முக்கால் அங்குலத் தடிமனில் கனமாக இருக்கும். கையால் செய்ததால் ஒவ்வொன்றும் மயிரிழை வேறுபடும்.

அந்த மயிரிழை வேறுபாட்டைக் கலவையில் சரிக்கட்டிப் போடுவதற்குப் பழகிய கை வேண்டும். காரைக்குடிப் பக்கத்துக் கைவினைஞர்களை வரவழைப்பதே நல்லது. அவர்களின் பயணம், தங்குமிடம், சாப்பாட்டுச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மொத்தமாக அடுக்கிவைத்து விற்பதில்லை, சொல்லிச் செய்ய வேண்டியிருப்பதால் முன்கூட்டியே ஆர்டர் கொடுக்க வேண்டும். வழியில் ஓரம் உடையும் என்பதால் பத்து சதவீதம் கூடுதலாகக் கேளுங்கள். போட்டபின் நெல் உமியைத் தூவித் தேய்த்துத் துடைத்து, தேங்காய் எண்ணெய் இட்டு மெருகேற்றுவார்கள். புழங்கப் புழங்கப் பளபளப்பு கூடுவது இந்தத் தரைக்கே உரிய அழகு. யாரும் புழங்காமல் பூட்டிக் கிடக்கும் வீட்டில் அது மங்கிவிடும்.

பலவீனங்கள் உண்டு. சிமென்ட் என்பதால் அமிலம் ஆகாது. குளியலறைக்கு வாங்கிய ஆசிட்டை ஒருமுறை ஊற்றினால் மெருகு போய்விடும், எலுமிச்சைச் சாறு சிந்தினாலும் தடம் விழும். தரைக்கடியில் ஈரம் ஏறும் வீடுகளில் வெள்ளையாக உப்புப் பூக்கும். பெயின்டர், தச்சர் வேலையெல்லாம் முடிந்த பிறகே இதைப் போட வேண்டும். பெயின்ட் துளி விழுந்தால் உறிஞ்சிக்கொள்ளும்.

வீடு முழுவதும் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஹால், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம், பூஜை அறை ஆகிய மூன்றில் போட்டு மற்ற இடங்களில் மேட் டைல் போடுவதுதான் நான் சொல்லும் வழி. பணமும் அடங்கும், அந்தக் கைவேலைக்கு உரிய இடமும் கிடைக்கும்.

## பழைய மொசைக்கும் சிவப்புத் தரையும்

பழைய வீட்டை வாங்கியவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மொசைக் தரையை உடைக்காதீர்கள். அது மார்பிள் சில்லுகள் பதிந்த உறுதியான தரை. மங்கியிருப்பது மேற்பரப்பு மட்டும். பாலிஷ் இயந்திரத்தில் முரட்டுக் கல்லில் தொடங்கி மென்மையான கல் வரை படிப்படியாகத் தேய்த்தால் புதிதாகத் திரும்பிவரும். உடைத்து, இடிபாடு அள்ளி, புதிதாக டைல் போடும் செலவில் சிறு பகுதிதான் ஆகும். வீட்டில் தூசியும் சேறுமாகச் சில நாட்கள் இருக்கும், அவ்வளவுதான்.

சிவப்பு ஆக்சைடு தரைக்கு இப்போது புது மோகம் வந்திருக்கிறது. பொருள் மலிவு, சிமென்ட்டும் இரும்பு ஆக்சைடு பொடியும்தான். தேய்த்து மெருகேற்றும் கைவேலையில்தான் எல்லாம் இருக்கிறது, அந்தக் கை இப்போது அருகிவிட்டது. அவசரப்பட்டு நீராற்றாமல் விட்டால் விரிசல் விழும், விழுந்த விரிசலை ஒட்டுப்போட்டால் நிறம் சேராது. நீங்கள் நேரில் பார்த்த ஒரு தரையைப் போட்டவரே உங்கள் வீட்டுக்கும் வருவார் என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

## மார்பிள், கோட்டா, கடப்பா

மார்பிள் சுண்ணாம்புக் குடும்பத்துக் கல், ஆத்தங்குடியைப் போலவே அதற்கும் அமிலம் ஆகாது. புளியும் எலுமிச்சையும் தயிரும் தினமும் புழங்கும் நம் சமையலறையில் அதற்கு வேலையில்லை. பூஜை அறையிலும் படுக்கை அறையிலும் அழகாக இருக்கும், போட்டபின் பாலிஷ் செலவு தனி. ராஜஸ்தானின் கோட்டா கல் பள்ளிக்கூடத் தாழ்வாரங்களில் பார்த்துப் பழகியது. மலிவு, உழைப்பு, பிடிமானம் மூன்றும் உண்டு. கடப்பா கல் பின்கட்டுக்கும் அலமாரித் தட்டுக்கும் போதும்.

## மரத் தோற்றம்: லேமினேட், எஸ்பிசி

லேமினேட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின் மேல் மரப்படம் ஒட்டியது. ஏசி3, ஏசி4 என்ற எண் மேற்பரப்பு எவ்வளவு தேய்மானம் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. தண்ணீரைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை. இணைப்பில் நீர் இறங்கினால் ஓரங்கள் உப்பிவிடும், உப்பியது திரும்ப அடங்காது. கரையான் பயமும் உண்டு. தரைத்தளத்தில் போடவே கூடாது.

எஸ்பிசி வேறு. சுண்ணாம்புக்கல் பொடியும் பிவிசியும் கலந்த பலகை, நான்கு முதல் ஆறு மில்லிமீட்டர் தடிமன். தண்ணீர் உப்ப வைக்காது. ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் கிளிக் முறை என்பதால் பசையும் கலவையும் வேண்டாம், பழைய டைலின் மேலேயே போடலாம், ஒரு அறை ஒரே நாளில் முடியும். கீழே இருக்கும் தரை மட்டமாக இருக்க வேண்டும்; மேடுபள்ளத்தின் மேல் போட்டால் நடக்கும்போது அமுங்கி, மாட்டும் பற்கள் உடையும். பலகைகள் விரிய இடம் வேண்டும் என்பதால் சுவரோரம் வெளி விட்டு, மேலே பட்டை அடித்து மறைப்பார்கள். வெயில் நேராக விழும் பால்கனிக் கதவருகில் நிறம் மங்கவும் பலகை விரிந்து தூக்கவும் வாய்ப்புண்டு.

வாடகை வீட்டில் இருப்பவர், அடுக்குமாடியில் ஒரு படுக்கை அறையின் தோற்றத்தை மட்டும் மாற்ற நினைப்பவர், இடிக்கும் சத்தமும் தூசியும் ஆகாத முதியவர் உள்ள வீடு ஆகிய மூன்று சூழலுக்கும் எஸ்பிசியைத் தயங்காமல் சொல்வேன். பழைய தரையின் மேலே போடும் வேலை என்பதால் கதவின் கீழ் இடைவெளியை மட்டும் முன்பே அளந்துகொள்ளுங்கள்.

## கார்பெட்

சுவருக்குச் சுவர் ஒட்டும் கார்பெட் நம் ஈரக்காற்றில் வீட்டுக்கு ஏற்றதில்லை. தூசி, பூஞ்சை, ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் என்று காரணங்கள் வெளிப்படை. அலுவலகத்துக்கும் ஒலியை அடக்க வேண்டிய அறைக்கும் தேவை என்றால், சுருளாக வரும் கார்பெட்டைவிட 50 சென்டிமீட்டர் சதுர கார்பெட் டைல் மேல். காபி கொட்டினால் ஒரு சதுரத்தை மட்டும் மாற்றலாம். லூப் பைல் என்பதில் நூல் வளையமாகவே இருக்கும், அதிக நடமாட்டம் தாங்கும். கட் பைலில் வளையத்தை வெட்டியிருப்பார்கள், மென்மை கூடும், அழுந்திய தடம் தெரியும். நைலான் இழை பாலிபுரொப்பிலினைவிட நெடுநாள் நிமிர்ந்து நிற்கும். வீட்டில் காலுக்கு மெத்தென்று வேண்டுமென்றால் பவானி ஜமக்காளம் ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். துவைத்து வெயிலில் போடக்கூடிய விரிப்பே நமக்குச் சரி.

## ஒரே பார்வையில்

| பொருள் | ஈரத்தில் கால் | அடிக்கடி தண்ணீர் பட்டால் | பழுது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| மேட் ஜிவிடி | நன்று | தாங்கும் | ஒரு டைலை மாற்றலாம், அதே தொகுதி இருந்தால் | பசை, ஸ்கர்ட்டிங் |
| பிஜிவிடி | வழுக்கும் | தாங்கும் | கீறல் போகாது | பசை, ஸ்கர்ட்டிங் |
| கிரானைட் | பாலிஷில் வழுக்கும் | தாங்கும், வெளிர் நிறம் கறைபடும் | மறுபாலிஷ் | கலவை, தூக்குக்கூலி, விளிம்பு உருட்டல் |
| ஆத்தங்குடி | நடுத்தரம் | அடியீரம் ஆகாது | கஷ்டம் | ஆள் வரவழைத்தல், கூடுதல் டைல் |
| பழைய மொசைக் | நடுத்தரம் | தாங்கும் | மறுபாலிஷ் | இயந்திரக் கூலி மட்டும் |
| எஸ்பிசி | நன்று | பலகைக்கு ஒன்றும் ஆகாது | பலகையை மாற்றலாம் | அடித்தரையை மட்டம் செய்தல் |
| லேமினேட் | நடுத்தரம் | உப்பும் | முடியாது என்றே கொள்ளலாம் | அடியில் விரிக்கும் ஃபோம், ஓரப்பட்டை |

## வேலை தொடங்கும் முன் பேச வேண்டியவை

எந்தப் பொருளாக இருந்தாலும் கூலியில் எவையெல்லாம் அடக்கம் என்பதை எழுதி வாங்குங்கள். ஸ்கர்ட்டிங் தனியா? இணைப்புகளில் அடைக்கும் பூச்சு சிமென்ட்டா, எபாக்சி பிசினா? குளியலறைக்கும் சமையலறைக்கும் எபாக்சி விலை கூடினாலும் கறை ஏறாது, ஆசிட்டும் தாங்கும். பசை யார் வாங்குவது, எத்தனை சதுர அடிக்கு ஒரு மூட்டை என்று கணக்கு?

குளியலறையிலும் பால்கனியிலும் வாட்டம் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எட்டடி நீளத்துக்கு ஓர் அங்குலம் இறக்கம் இருந்தால் தண்ணீர் தேங்காமல் ஓடும். டைல் ஒட்டிய மறுநாள் ஒரு குவளைத் தண்ணீரைக் கதவோரம் ஊற்றி, அது தானாக வடிகாலுக்குப் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் இணைப்புகளை அடைப்பதற்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள்.

பசை இறுகியபின், ஒரு மரக்கைப்பிடியால் ஒவ்வொரு டைலின் நான்கு மூலையையும் நடுவையும் தட்டிக்கொண்டே போங்கள். நிறைவாகப் பதிந்த டைல் மந்தமாக ஒலிக்கும். உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தம் உடனே மாறும், காது பழக இரண்டு வரிசை போதும். மாறிய இடங்களில் சாக்பீஸால் குறி போட்டு, கொத்தனாரை அழைத்துக் காட்டி, அந்த டைல்களை எடுத்துப் போடச் சொல்லுங்கள். அதன் பிறகே கடைசித் தவணை. மீதமான பெட்டியைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள். தொகுதி எண் தெரியும்படி பரணில் வையுங்கள். பத்து ஆண்டு கழித்து ஒரு குழாய் வெடித்துத் தரையைத் தோண்ட நேர்ந்தால் அந்த டைல் கடையில் கிடைக்காது.